பாப்பா வைத்த வணக்கம்

மாஸ்டரம்மாவிடம் கார் பழகிய யாரைக் கேட்டாலும் முதலில் ஒன்றைத்தான் சொல்வார்கள். அந்த அம்மா கத்தவே மாட்டார். டிரைவிங் ஸ்கூல் வண்டியில் சொல்லிக்கொடுப்பவரின் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும். பழகுகிறவர் பதற்றத்தில் பிரேக் என்று நினைத்து ஆக்சிலேட்டரை மிதித்து, எதிரே லாரி வாயைப் பிளந்துகொண்டு வந்தாலும், மாஸ்டரம்மாவின் கால் சத்தமில்லாமல் தன் பிரேக்கை அழுத்தும். வாய், "பரவால்ல, இப்ப கியர எடுங்க" என்று மட்டும் சொல்லும். நாற்பது வயதுக்கு மேல் வண்டி பழகப் போனவன் நான். கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். ஊருக்கெல்லாம் பார்வையைச் சரிசெய்கிற எனக்கு ரியர்வியூ கண்ணாடி மட்டும் கண்ணில் படாது. அப்படிப்பட்ட என்னையே அவர் ஒரு நாளும் கடிந்து பேசியதில்லை.

வீட்டில் அவருக்கு வேறு பெயர் இருந்தது என்று பின்னால்தான் எனக்குத் தெரிந்தது. மாமனார் வைத்த பெயர். சைரன்.

மூத்த மகன் பிறந்து சில வாரங்கள்கூட ஆகியிருக்காத சமயம் அது. தூங்கிக்கொண்டிருந்த குழந்தையின் கை வெடுக் வெடுக்கென்று துடித்தது. பிறகு காலும் சேர்ந்துகொண்டது. மாஸ்டரம்மா குழந்தையை வாரி எடுத்தார், ஓடினார். ஆஸ்பத்திரி வாசலில்தான் கவனித்தார், ஒரு காலில் தன் செருப்பு, மறு காலில் மாமனாரின் செருப்பு. அங்கிருந்த நர்ஸ் துணியைத் தளர்த்தி, உள்ளங்காலில் விரலால் வருடிக் குழந்தையை எழுப்பினார். துடிப்பு அந்த நொடியே நின்றது. தூக்கத்தில் மட்டும் வருகிறது, விழித்தால் நின்றுவிடுகிறது, பால் குடிக்கிறான், எடை ஏறுகிறது, பச்சைக் குழந்தைகள் பலருக்கும் இது உண்டு, தானாகவே போய்விடும் என்று சொல்லி டாக்டர் அனுப்பிவைத்தார். அப்படியே போயும் விட்டது.

துடிப்பு போனது. கதை போகவில்லை, சைரன் என்ற பெயரும் போகவில்லை. மாமனார் சினிமா தியேட்டரில் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்து ஓய்வு பெற்றவர். ஆயிரம் படத்தை இருட்டில் நின்றபடியே பார்த்தவருக்கு ஒரு கதையை எங்கே இழுக்க வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும் என்பது அத்துப்படி. வீட்டுக்கு யார் வந்தாலும் அந்தச் செருப்புக் கதையை ஓட்டிவிடுவார். மருமகள் மேல் அவருக்குக் கொள்ளைப் பிரியம். அதனால்தான் கேலியும். மாஸ்டரம்மாவும் கூடச் சேர்ந்து சிரிப்பார். ஆனால் இனிமேல் எதற்கும் எடுத்தேன் கவிழ்த்தேன் என்று ஓடக் கூடாது என்று மனசுக்குள் ஒரு முடிச்சுப் போட்டுக்கொண்டார். அந்த முடிச்சு எவ்வளவு இறுகியிருந்தது என்பது இரண்டாவது குழந்தை பிறந்த பிறகுதான் தெரிந்தது.

இரண்டாவது பெண். குப்புற விழுந்து, தலையைத் தூக்கி, எதைப் பார்த்தாலும் சிரிக்கிற பருவம். மாஸ்டரம்மா வேலைக்குத் திரும்பியிருந்தார். கணவர் லிஃப்ட் மெக்கானிக். எந்தக் கட்டடத்தில் யார் மாட்டிக்கொண்டாலும் ஓட வேண்டிய பிழைப்பு. பகலில் குழந்தையைப் பார்த்துக்கொள்வது மாமனார்தான். பால் கலக்குவதிலிருந்து துணி மாற்றுவதுவரை எல்லாம் அவருக்குக் கைவந்தது. தியேட்டரில் போட்ட பழைய தொப்பி ஒன்று வைத்திருந்தார். அதை முகத்தின் மேல் இறக்கிவிட்டு, சட்டென்று தூக்கிக் கண்ணை உருட்டுவார். பாப்பா கெக்கெக்கே என்று சிரித்து மூச்சுத் திணறும்.

ஒரு காலை, தூங்கி எழுந்த பாப்பா மல்லாந்து கிடந்தபடியே சட்டென்று தலையை முன்னால் குனிந்தது. இரண்டு கையும் பக்கவாட்டில் விரிந்தன. முட்டி வயிற்றுப் பக்கம் மடங்கியது. ஒரு நொடிதான். பிறகு தளர்ந்தது. கொஞ்ச நேரத்தில் மறுபடியும் அதே மாதிரி. மறுபடியும். மாமனாருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. பாப்பா எல்லாருக்கும் வணக்கம் வைக்கிறாள், தேர்தலில் நிற்கப் போகிறாள் என்றார். மூத்தவன் பதிலுக்குக் குனிந்து குனிந்து வணக்கம் வைத்தான். மாஸ்டரம்மாவும் சிரித்தார்.

மறுநாளும் எழுந்ததும் வணக்கம். அதற்கடுத்த நாள் மத்தியானத் தூக்கம் கலைந்தபோதும் வந்தது. வயிற்றில் வாயு சேர்ந்திருக்கும், அதுதான் காலை மடக்குகிறது என்று மாமனார் வயிற்றைத் தடவிவிட்டார். கணவரிடம் மாஸ்டரம்மா மெதுவாகப் பேச்சை எடுத்தார். அவர் ஷூவைக் கழற்றிக்கொண்டே, திரும்ப ஆரம்பித்துவிட்டாயா என்று சிரித்தார். அவர் கேட்டதில் குத்தல் எதுவுமில்லை. ஆனாலும் மாஸ்டரம்மா வாயை மூடிக்கொண்டார். அடுத்த தடுப்பூசிக்குப் போகும்போது கேட்டுக்கொள்ளலாம் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார்.

சமாதானம் நிலைக்கவில்லை. மூத்தவனுக்கு அன்று நர்ஸ் செய்தது அவருக்கு மறக்கவில்லை. எழுப்பினார், நின்றது. இவளை எதிலிருந்து எழுப்புவது? இவள் விழித்துக்கொண்டல்லவா இருக்கிறாள்? ஒரு தடவை பாப்பாவின் இரண்டு கையையும் மெல்லப் பிடித்துப் பார்த்தார். தன் பிடிக்குள்ளேயே கை விறைத்து விரிந்ததை உணர்ந்தார். குழந்தை வீறிட்டு அழுதது. அழுகை அடங்குவதற்குள் மறுபடியும் குனிந்தது. அன்று வேலைக்கு வந்தவர் வண்டிச் சாவியை மேசை மேல் வைத்துவிட்டு ஸ்கூல் முழுக்கத் தேடினார். என்னம்மா உடம்பு சரியில்லையா என்று கேட்டேன். தூக்கம் சரியில்லை சார் என்றார்.

அந்த வாரத்திலேயே ஒரு நாள் முற்பகல் என்னைப் பெரிய மேம்பாலத்தில் ஏற்றினார். முன்னால் பஸ், பின்னால் தண்ணீர் லாரி, இறங்க வழியே இல்லாத பாலம். பாதி ஏற்றத்தில் அவருடைய போன் அடித்தது. வகுப்பு நேரத்தில் வீட்டிலிருந்து யாரும் கூப்பிட மாட்டார்கள். எடுத்துக் காதில் வைத்தார். மறுமுனையில் மாமனார். வண்டிக்குள் அவர் குரல் எனக்கும் கேட்டது.

"அம்மா, பாப்பா என்னப் பாத்து சிரிக்கல."

மாஸ்டரம்மா போனைக் காதோடு அழுத்திக்கொண்டார்.

"தொப்பிய வச்சு வச்சுப் பாத்துட்டேன். நேத்தும் சிரிக்கல. நாந்தான் சொல்லல. கண்ணு என் மேல நிக்கவே மாட்டேங்குது. நீ வாம்மா. நான் தமாஷ் பண்ணல."

"வரேன் மாமா" என்று போனை மடியில் வைத்தார். முன்னால் பஸ் நின்றுவிட்டது. ஏற்றத்தில் நிறுத்தி எடுப்பதென்றால் எனக்குக் குலை நடுங்கும். வண்டி பின்னால் உருளத் தொடங்கியது. லாரிக்காரன் ஹாரனை விட்டுக் கையை எடுக்கவில்லை. எப்போதும்போல மாஸ்டரம்மாவின் கால் பிரேக்கை அழுத்தியது. "பரவால்ல சார். ஹேண்ட் பிரேக்கப் போடுங்க. ஃபர்ஸ்ட் போடுங்க. கிளட்ச மெதுவா விடுங்க." அதே குரல்தான். ஆனால் அவர் கண் ரோட்டில் இல்லை, மடியிலிருந்த போன் மேலேயே இருந்ததை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டேன். அன்று நான் பாலத்தை எப்படிக் கடந்தேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

பாலத்தின் அடியில் இடம் மாறினோம். என்னை வழியில் இறக்கிவிடட்டுமா என்று கேட்டார். நேரம் போகும், நேரே உங்கள் வீட்டுக்கே விடுங்கள் என்றேன். வண்டியின் முன்னும் பின்னும் சிவப்பில் எல் எழுத்துப் போட்ட பலகை. அதைப் பார்த்தாலே எல்லாருக்கும் இளக்காரம். ஆட்டோக்காரர்கள் குறுக்கே புகுந்தார்கள். ஒருவர் எங்களை ஒட்டி வந்து, எட்டிப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார். மாஸ்டரம்மா எதையும் பார்க்கவில்லை.

வீடு இரண்டாவது மாடி. நானும் பின்னாலேயே ஏறினேன். கூடத்தில் பாயில் பாப்பா அப்போதுதான் கண் விழித்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் மாமனார் மண்டியிட்டிருந்தார். பெரிய மனிதர் கையைப் பிசைந்துகொண்டு இருந்ததைப் பார்க்கவே சங்கடமாக இருந்தது. எல்லாரும் காத்திருந்தோம். வந்தது.

தலை சட்டென்று குனிந்தது. கை விரிந்தது. கால் மடங்கியது. விட்டது. மாஸ்டரம்மா குழந்தையை அள்ளக் குனிந்தவர் பாதியில் நின்றார். போனை எடுத்தார். டாக்டரிடம் வாயால் சொன்னால் பழைய கதை மாதிரியே ஆகிவிடும் என்று நினைத்தாராம். ஆனால் அவர் எடுத்த படம் எங்கெங்கோ போனது. போனை என்னிடம் நீட்டினார்.

"நீங்க எடுங்க சார். முகமும் கையும் தெரியணும். நிறுத்தாம எடுங்க."

எடுத்தேன். மறுபடியும் குனிந்தது. மறுபடியும். நடுநடுவே ஒரு வறட்டு அழுகை. அழுகைக்கும் அடுத்த குனிவுக்கும் இடையில் அந்தக் கண்கள் அறையில் யார் மேலும் நிற்காமல் எங்கோ பார்த்தன. அம்மா பக்கத்திலேயே இருந்தார். பெயர் சொல்லிக் கூப்பிட்டார். குழந்தை திரும்பவில்லை. மாமனார் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் என் வாழ்க்கையில் அவ்வளவு நீளமான ஒரு படத்தை எடுத்ததில்லை. பிறகு போனில் பார்த்தால் சின்னப் படம்தான்.

பக்கத்துத் தெருக் குழந்தை டாக்டரிடம் போனோம். பாப்பாவை மடியில் வைத்துக்கொண்டு மாமனார் பின்சீட்டில் உட்கார்ந்தார். கிளினிக்கில் இருமலும் காய்ச்சலுமாகக் குழந்தைகள் நிரம்பி வழிந்தன. டோக்கன் கொடுக்கும் பெண், காய்ச்சலா, வாந்தியா என்று கேட்டார். இரண்டும் இல்லை என்றதும், உட்காருங்கள், வரிசையில் கூப்பிடுகிறோம் என்றார். பாப்பா அப்போது அமைதியாகக் கிடந்தது. பார்க்கிறவர்களுக்கு ஒரு குறையும் தெரியாது. மாஸ்டரம்மா பெஞ்சில் போய் உட்கார்ந்தார். அவர் மனசில் அந்தச் செருப்புக் கதைதான் ஓடியிருக்கிறது. ஊரையே கூட்டிவிட்டோமோ, இதுவும் ஒன்றுமில்லாமல் போய்விடுமோ, திரும்ப எல்லாரும் சிரிப்பார்களோ. அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்ததாக அவரே பின்னால் சொன்னார். கூடவே, ஒன்றுமில்லாமல் போகட்டும், காலம் முழுக்கச் சிரிக்கட்டும் என்றும் வேண்டிக்கொண்டாராம்.

அப்போது மாமனார் எழுந்தார். நேராக அந்தப் பெண்ணிடம் போய், "நாங்க வரிசையத் தாண்டிப் போகல. டாக்டர் இந்தப் படத்த மட்டும் பாக்கட்டும். பாத்துட்டு அவர் காத்திருக்கச் சொன்னா சாயங்காலம் வரைக்கும் இங்கயே உக்காந்திருக்கோம்" என்றார். குரலில் கெஞ்சலும் இல்லை, அதட்டலும் இல்லை. அந்தப் பெண் ஒரு நொடி யோசித்துவிட்டு, போனை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். கதவு உடனே திறந்தது. டாக்டரே வெளியே வந்து, குழந்தையைக் கொண்டு வாருங்கள் என்றார்.

உள்ளே நடந்ததை மாஸ்டரம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். டாக்டர் படத்தை இரண்டாவது தடவையும் பார்த்தார். எப்போதிலிருந்து, தூங்கி எழுந்ததுமா, விட்டுவிட்டு வரிசையாகவா, முன்பு செய்துகொண்டிருந்த எதையாவது இப்போது செய்யாமல் இருக்கிறதா என்று கேட்டார். கடைசிக் கேள்விக்கு மாமனார்தான் பதில் சொன்னார். சிரிக்கவில்லை, புரள்வதும் குறைந்துவிட்டது என்று.

டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. "இது ஒரு வகை வலிப்பா இருக்கலாம்னு சந்தேகப்படறேன். கைக்குழந்தைங்களுக்கு வர்றது. பாக்கச் சின்னதாத்தான் இருக்கும், ஆனா மூளை வளர்ச்சியப் பாதிக்கும். நாளைக்குப் பாக்கலாம்னு விடற விஷயம் இல்ல. பெரிய ஆஸ்பத்திரிக்கு இப்பவே போங்க, நான் போன் பண்ணிச் சொல்லிடறேன்."

வலிப்பு என்றால் கண் செருகி, நுரை தள்ளி, உடம்பு வெட்டி இழுக்கும் என்றுதான் அவர்கள் நினைத்திருந்தார்கள். இப்படி வணக்கம் வைக்கிற மாதிரியும் வரும் என்று யாருக்குத் தெரியும்?

பெரிய ஆஸ்பத்திரி வாசலில், போனில் சொன்னதும் ஓடி வந்த கணவர் வேலை உடுப்போடு, கையில் கிரீஸ் கறையோடு காத்திருந்தார். மனைவியைப் பார்த்ததும் குழந்தையை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டார். நான் அங்கேயே விடைபெற்றுக்கொண்டு, பள்ளி விட்டு வரும் மூத்தவனை அழைத்துவரப் போனேன். அந்தப் பிள்ளை வழி நெடுக, பாப்பா எங்கே என்று கேட்டுக்கொண்டே வந்தான். டாக்டருக்கு வணக்கம் வைக்கப் போயிருக்கிறாளா என்றான். அவன் பையை வாங்கி என் தோளில் மாட்டிக்கொண்டேன்.

குழந்தையின் தலை முழுக்கப் பசை தடவி, மெல்லிய ஒயர்களை ஒட்டி, மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்தார்கள். தூங்கும்போதும் பார்க்க வேண்டும், எழும்போதும் பார்க்க வேண்டும். தூங்கு என்றால் எந்தக் குழந்தை தூங்கும்? அந்தக் குளிர்ந்த அறையில் மாஸ்டரம்மா மடியில் போட்டு ஆட்டிக்கொண்டே இருந்தார். ஒரு வழியாகத் தூங்கியது. அடுத்தது, எழுவதற்காகக் காத்திருக்க வேண்டும். எழுந்தால் அது வரும். வந்தால்தான் பதிவாகும். தன் குழந்தைக்கு அது வர வேண்டும் என்று காத்திருந்த அந்த நேரத்தைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் அவர் எங்கோ பார்த்துக்கொண்டு சொன்னார்.

நரம்பு டாக்டர் ஒரு பெண்மணி. திரையில் கோடுகள் ஒழுங்கில்லாமல் தாறுமாறாக எழும்பி விழுந்ததைக் காட்டினார். சந்தேகம் உறுதியாகிவிட்டது, மருந்தை இன்றே ஆரம்பிக்க வேண்டும் என்றார். காரணம் என்ன என்று ரத்தம், ஸ்கேன் எல்லாம் எடுத்துப் பார்த்தார்கள். ஒன்றும் பிடிபடவில்லை. யாரும் செய்த தவறால் வந்ததில்லை என்று மட்டும் தெளிவாகச் சொன்னார்.

"நான் முன்னாடியே வந்திருக்கணுமா?" என்று மாஸ்டரம்மா கேட்டார்.

டாக்டர் பொய் சொல்லவில்லை. எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது என்றார். வாயு, பழக்கம், திடுக்கிடல் என்று பெயர் வைத்து மாதக்கணக்கில் விட்டுவிட்டு வருகிறவர்களே அதிகம், நீங்கள் அப்படி விடவில்லை என்றும் சொன்னார். மாஸ்டரம்மா அப்போதுதான் முதல் குழந்தையின் கதையைச் சொன்னார், செருப்பு உள்பட. டாக்டர் சிரிக்கவில்லை.

"அன்னிக்கு ஓடி வந்ததும் சரிதான். தூக்கத்துல மட்டும் வந்து, எழுப்பினா நின்னுபோற துடிப்பு பெரும்பாலும் ஒண்ணும் செய்யாது. ஆனா அதை நாங்க பாத்துச் சொல்லணும். முழிச்சிருக்கும்போது வருதா, வரிசையா வருதா, சிரிக்கிறது திரும்புறதுன்னு கத்துக்கிட்டது ஏதாவது குறையுதா, அன்னிக்கே வந்துடணும். மூச்சு திணறினாலோ, நீலம் பாரிச்சாலோ, நிக்காம இழுத்துக்கிட்டே இருந்தாலோ ஒரு நிமிஷம்கூட யோசிக்கக் கூடாது. சந்தேகப்பட்டு வந்துட்டோமேன்னு யாரும் வெக்கப்பட வேண்டாம்."

வெளியே நாற்காலியில் மாமனார் தலையைக் கவிழ்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மருமகள் வந்து பக்கத்தில் உட்கார்ந்ததும், "வணக்கம் வைக்குதுன்னு சிரிச்சேனேம்மா" என்றார்.

"நானுந்தான் சிரிச்சேன் மாமா" என்றார் மாஸ்டரம்மா. "நீங்க போன் பண்ணலைன்னா நான் தடுப்பூசி தேதி வரைக்கும் இருந்திருப்பேன்."

மருந்து கடுமையான மருந்து. பாப்பாவின் கன்னம் பன் மாதிரி உப்பியது. எந்நேரமும் பசி, எந்நேரமும் எரிச்சல். அடிக்கடி ரத்த அழுத்தம் பார்க்க வேண்டும். தொற்று வரக் கூடாது என்று வீட்டுக்குள் யாரையும் விடவில்லை. மூத்தவனுக்குச் சளி பிடித்தபோது அவனைச் சித்தி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இவ்வளவுக்கும் பிறகும் முதல் சில நாட்கள் துடிப்பு வந்துகொண்டேதான் இருந்தது. குழந்தை கண்ணைத் திறக்கிற ஒவ்வொரு தடவையும் மூன்று பெரியவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு சுற்றி நின்றார்கள். லிஃப்ட் மெக்கானிக், எத்தனையோ உயரத்தில் ஒற்றைக் கயிற்றை நம்பித் தொங்கியவர், அந்தப் பாயின் ஓரத்தில் நிற்கத்தான் பயமாக இருந்தது என்றார்.

பிறகு வரிசை சுருங்கியது. ஒரு நாள் காலை பாப்பா எழுந்தது, கொட்டாவி விட்டது, கட்டை விரலை வாயில் போட்டது. யாரும் பேசவில்லை. பேசினால் வந்துவிடுமோ என்று பயம். மத்தியானமும் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. மீண்டும் ஒயர் ஒட்டிப் பார்த்தபோது கோடுகள் ஒழுங்குக்குத் திரும்பியிருந்தன. அன்றும் நரம்பு டாக்டர் பிடி கொடுத்துப் பேசவில்லை. திரும்ப வரலாம், வேறு வடிவத்திலும் வரலாம், கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பாருங்கள் என்றார். சிரிப்பு அதற்கும் சில வாரம் கழித்துத்தான் வந்தது. அண்ணன் தும்மினான். அதற்குச் சிரித்தது. அவனை அன்று எத்தனை பொய்த் தும்மல் தும்ம வைத்தார்கள் என்று கணக்கில்லை. சமையல்கட்டில் போய் நின்றுகொண்டு மாஸ்டரம்மா அழுதாராம். அத்தனை நாளும் அவர் அழவில்லை.

எல்லாம் சுபம் என்று சொல்லிவிட முடியாது. உட்கார நாளானது. நடக்க இன்னும் நாளானது. உடற்பயிற்சி சொல்லித்தரும் பெண் ஒருவரிடமும், பேச்சுப் பழக்குகிறவர் ஒருவரிடமும் வாரா வாரம் போகிறார்கள். வயசுக்கு இருக்க வேண்டிய பேச்சு இன்னும் வரவில்லை. எவ்வளவு வரும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியவில்லை. மாஸ்டரம்மா மறுபடி வேலைக்கு வந்தார். முதல் டெஸ்டில் கோட்டைவிட்ட என்னைத் தேற்றி, இரண்டாவதில் கரை சேர்த்தார். வண்டி பழக வருகிற இளம் தாய் யாராவது, என் குழந்தைக்கும் தூக்கத்தில் கை துடிக்கிறது என்று பேச்சுவாக்கில் சொன்னால், ஒன்றுமிருக்காது என்றும் சொல்ல மாட்டார், பயமும் காட்ட மாட்டார். போனில் எடுத்து டாக்டரிடம் காட்டிவிடுங்கள், எனக்கு அதெல்லாம் தெரியாது என்பார்.

போன மாதம் மாமனாருக்கு மூக்குக்கண்ணாடி கொடுக்க அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். தெருவில் கால் வைத்ததும் தலையில் ஒரு துணி கிளிப் வந்து விழுந்தது. அடுத்து ஒன்று. நிமிர்ந்து பார்த்தால் பால்கனிக் கம்பிக்குள் மூக்கை நீட்டிக்கொண்டு பாப்பா நின்றிருந்தாள். கொடியிலிருந்து கிளிப்பைக் கிள்ளிக் கிள்ளி எடுத்துக் கீழே போட்டுக்கொண்டிருந்தாள். கீழ்வீட்டுக்காரர் அவற்றைப் பொறுக்கியபடி, இந்த அராஜகத்தைக் கேட்க ஆளில்லையா என்று மேலே பார்த்துப் புலம்பினார். மாஸ்டரம்மா எட்டிப் பார்த்தார்.

"விரலுக்கு நல்ல பயிற்சின்னு சொல்லியிருக்காங்க அண்ணே. கொஞ்சம் பொறுத்துக்கோங்க."

கீழ்வீட்டுக்காரர் பொறுக்கியதையெல்லாம் என் கையில் கொடுத்து, மேலே போகும்போது கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள், அவளுக்குச் சரக்குத் தீர்ந்துபோயிருக்கும் என்றார்.